நீலக் குருணையும் இரண்டு வெயிலும்

என் மருமகள் நிவேதா பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கிய அன்று, பொடி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"அத்தை, இங்க வாங்களேன். இதுல நீலமா ஏதோ குருணை குருணையா கெடக்கு. பழைய சரக்கத் தலையில கட்டிட்டான் போல."

"அதப் பொறுக்கிப் போட்டுடாத. அது போச்சுன்னா சோத்துப் பசை தட்டுலயே ஒக்காந்திருக்கும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. மாமியார் சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்ற அளவில்தான் அவளுக்கு என்னைத் தெரியும். என் மகன் இன்னும் மோசம். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது "எங்கம்மா ஃபேக்டரில தட்டு கழுவுறாங்க" என்று வகுப்பில் சொல்லிவிட்டான். அடுத்த முறை நான் பள்ளிக்குப் போனபோது அவன் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். பையன் பொய் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் நான் தட்டுதான் கழுவினேன்.

அதே வாரம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பொடியை நிறுத்திவிட்டு இரண்டு அறை வைத்த சின்னப் பொட்டலத்துக்கு மாறுகிறார்களாம். என்சைம் ஒரு அறையில், பிளீச் இன்னொரு அறையில். "நீங்க எல்லாம் ரெண்டையும் ஒரே டப்பாவுல எப்படி மேடம் வச்சிருந்தீங்க? அந்த அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள். சரி என்றேன். ஆனால் கேட்டதை மட்டும் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

என் ஊர் நன்னிலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் மற்றவர் வயலில் வேலை செய்தவர்கள். ஊர்த் திருச்சபையின் லுத்தரன் பள்ளிக்கூடமும், விடுதியும், அப்பாவின் பிடிவாதமும் சேர்ந்து என்னை வேதியியல் பட்டம் வரை கொண்டுபோய் விட்டன. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. முதல் இரண்டு வருஷம் சலவைச் சோடாவை எடை போட்டதைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அதன்பிறகுதான் இயந்திரத்துக்கான பொடி செய்யும் வேலை வந்தது. ஆய்வகத் தலைவர் மரியதாஸ் சார். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற மனிதர். அந்த நடையைத்தான் ஆய்வகத்திலும் நடப்பார். அவசரமே கிடையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் இரண்டு முறை துடைப்பார். யார் எதைக் கெடுத்தாலும் "யார் செஞ்சது?" என்று அவர் வாயில் வராது. "இதுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. செய்தவரைப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியத்தை இவர் நாள் கணக்கில் இழுக்கிறாரே என்று நினைப்பேன்.

பொடியின் கஷ்டம் என்ன என்று அவர் முதல் நாள் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காய்ந்துபோன சோற்றுப் பசையை வெட்டிக் கரைக்க என்சைம் வேண்டும். டீக்கறை, காப்பிக்கறை, மஞ்சள்கறை போக பிளீச் வேண்டும். ஆனால் பிளீச்சுக்குக் கறை எது, கூட வேலை செய்கிற ஆள் எது என்று தெரியாது. அகப்பட்டதை எரிக்கும். என்சைமையும் எரித்துவிடும்.

"ரெண்டு பேருமே வேலைக்கு வேணும் எஸ்தர். ஒரே நேரத்துலதான் வேண்டாம்" என்றார்.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது எனக்குத் தெரியும். அதே கதைதான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது என்சைம் தன் முறையை முடித்துக்கொள்ள வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகு பிளீச் வர வேண்டும். அதற்காக இரண்டுக்கும் மேலே மெல்லிய பூச்சு கொடுத்துக் குருணையாக உருட்டி வைப்பார்கள். என்சைம் குருணைக்கு நீலச் சாயம் ஏற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரிவதற்காக. இயந்திரத்துக்குள் இந்த முறை ஒழுங்காக நடந்துவிடும். சண்டை வருவது டப்பாவுக்குள்தான். கொஞ்சம் ஈரம் போனால் போதும், பிளீச் டப்பாவிலேயே விழித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் என்சைமைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீலம் நீலமாகவே இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

எங்களுக்கு வந்த செய்முறை வெளிநாட்டில் எழுதியது. முட்டைக்கறையும் ஓட்ஸ் கஞ்சியும் கழுவ எழுதியிருந்தார்கள். இங்கே தட்டில் இருப்பது சோறு, சாம்பார், நெய். அதனால் அழுக்கையும் நாங்களே தயாரித்தோம். உள்ளங்கை அகல எவர்சில்வர் தகடுகள், மூலையில் எண் பொறித்தவை. அதைக் கழுவி, காய வைத்து, எடை போட்டுக் குறித்துக்கொள்வேன். பொன்னி அரிசியைக் குழைய வடித்து, மசித்து, துணியில் வடிகட்டி, அந்தக் கஞ்சியைத் தூரிகையால் ஒரே சீராகத் தடவுவேன். அடுப்புப் பெட்டியில் நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்குக் காய விடுவேன். மறுபடி எடை. பிறகு இயந்திரத்தில் ஒரு ஓட்டம். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். பொடி மிச்சமிருந்தால் அடுத்து விடுகிற அயோடினின் நிறத்தை அது அழித்து நம்மை ஏமாற்றிவிடும். அலசிய தகட்டில் அயோடின் சொட்டு விழுந்து நீலமாக மாறினால் பசை இன்னும் இருக்கிறது. மாறாமல் வெறும் பழுப்பாகவே வழிந்தால் பொடி நல்ல பொடி.

முதல் முறை சாம்பார் தடவிய தகட்டைப் பொடிக் கரைசலில் போட்டபோது அது குங்குமச் சிவப்பாகிவிட்டது. நான் அலறிவிட்டேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று பட்டம் வாங்கிய எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சைக்குத் தெரியும். மரியதாஸ் சார் எட்டிப் பார்த்து, "ஆரத்தி எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சிவப்பு போக பிளீச்சை எவ்வளவு கூட்டலாம், கூட்டினாலும் என்சைம் சாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கல்யாணமாகி மகனும் பிறந்துவிட்டான்.

இனி அமிர்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை அவருக்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

அமிர்தம் கலவைப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. குடவாசல் பக்கத்துக்காரர். நடவும் அறுப்பும் களத்து வேலையுமாக இருந்தவர், கணவர் இறந்த பிறகு இங்கே வந்தார். ஒப்பந்த ஆட்களின் பெயர்ப் பட்டியல் தினமும் காலையில் கேட்டில் ஒட்டப்படும். பெயர் இருந்தால் உள்ளே வரலாம். மேலாளர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அந்தப் பெயர் இருக்காது, காரணம் கேட்க ஆளும் கிடையாது. அமிர்தத்தின் பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வரியில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அது ஒரு ஐப்பசி. மூன்று நாள் அடைமழை. கலந்து முடித்து மூட்டையில் கட்டி வைத்திருந்த பொடி ஈரம் வாங்கிக் கட்டி தட்டிவிட்டது. நாலாம் நாள் வெயில் அடித்தது. அமிர்தம் யாரையும் கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் பழக்கவுமில்லை. முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, பொடியைக் கொட்டிப் பரப்பி, நெல் தள்ளும் பலகை மாதிரி ஒன்றை வைத்துப் புரட்டிப் புரட்டிக் காய வைத்தார். கட்டிகள் மீது காலி டிரம்மை உருட்டி நொறுக்கினார். இரண்டு நாள், இரண்டு வெயில். பொடி பொலபொலவென்று ஆகிவிட்டது. மறுபடி மூட்டை கட்டினார்.

அந்த மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தது நான். ஈரம் பார்த்தேன், அந்த மழை மாதத்தில் அவ்வளவு நல்ல கணக்கு வந்ததே இல்லை. பிளீச் பார்த்தேன், கொஞ்சம் குறைவு, ஆனால் அனுமதித்த அளவுக்குள். அடுத்தது தகட்டுச் சோதனை. அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். வாசலில் வண்டி நின்றது. போன தடவை பாஸ், அதற்கு முந்தின தடவை பாஸ், இந்த ஒரு தடவை என்ன ஆகிவிடும் என்று கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் தகட்டுச் சோதனை செய்யாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு சிறிய மருத்துவமனையின் சமையலறையிலிருந்து புகார் வந்தது. குழந்தைகள் பிரிவுக்கு அவர்கள் குழைந்த சோறும் கஞ்சியும் கொடுப்பவர்கள். நானும் மரியதாஸ் சாரும் போனோம். சமையலறையைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீ ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"கறையெல்லாம் போயிருக்கும்மா, பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனா தண்ணி பட்டா வழவழங்குது, காஞ்சா சொரசொரங்குது. மூணு நாளா நாங்களே கையால தேச்சுக்கிட்டிருக்கோம். நோயாளிப் புள்ளைங்க சாப்பிடுற கிண்ணம், இப்படிக் குடுக்க முடியுமா?"

சார் பையிலிருந்து அயோடின் குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டார். கிண்ணத்தின் உள்பக்கம் மை கொட்டியதுபோல் நீலமானது. பிளீச் வேலை செய்திருக்கிறது, என்சைம் செத்திருக்கிறது. என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிய அந்த ஒரு நிறம் போதும். சார் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு முறை துடைத்தார்.

திரும்பி வந்து பொடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். நீலக் குருணைகள் பாதி உடைந்திருந்தன. "இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடியே அவர் கலவைப் பிரிவுக்கு நடந்தார். அமிர்தத்தை உட்காரச் சொல்லி, தானும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மழை விட்ட அன்னைக்குக் காலையிலேர்ந்து சொல்லுங்கம்மா. ஒண்ணும் விடாம சொல்லுங்க."

அமிர்தம் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்றுதானே அவர் நினைத்திருந்தார்.

"கட்டிக்கிட்டுக் கெடந்துச்சு சார். பாக்கவே மனசு கேக்கல. ரெண்டு வெயில் நல்லாக் காட்டுனேன். உச்சி வெயில்ல பொரட்டி விட்டேன், அப்பத்தானே சுருக்கக் காயும். ஒரு புடி வீணாகல."

அவர் பின்னால் நின்றிருந்த மேலாளர் அதைக் கேட்டுவிட்டார். "ஓ, அந்தப் பொம்பள பண்ண வேலையா? ரிப்போர்ட் எழுதிக் குடுங்க எஸ்தர் மேடம். நாளைக்குப் பேர எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அமிர்தத்தின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

ரிப்போர்ட்டில் ஆய்வகத்தின் கையெழுத்தும் சம்பந்தப்பட்ட தொழிலாளியின் கையெழுத்தும் வேண்டும். அவரை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று நான் யோசித்து யோசித்து எழுதினேன். 'தொழிலாளியின் அறியாமையால் நேர்ந்த பிழை, வேண்டுமென்று செய்ததல்ல, எச்சரித்து மன்னிக்கலாம்.' மேலாளர் படித்தால் மனமிரங்குவார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. அமிர்தத்தை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"அறியாமைன்னா?"

"உங்களுக்குத் தெரியாம செஞ்சுட்டீங்கன்னு எழுதியிருக்கேன். இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க வேலை தப்பிக்கும்."

"எனக்கு என்னம்மா தெரியாது? காயப்போடத் தெரியாதா?"

"அதுக்கில்ல. அந்த நீலக் குருணை வெயில்ல செத்துப்போகும். வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள உயிர் இருக்காது."

அமிர்தம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்ப அது வெதை."

நீட்டிய பேனாவை மேசையில் வைத்தேன்.

"வெதைநெல்ல உச்சி வெயில்ல யாராவது போடுவாங்களா? காலை வெயிலும் சாயங்கால வெயிலும்தான் காட்டுவோம். உச்சிக்கு அள்ளி உள்ள வச்சுருவோம். அது மேல எதையும் உருட்ட மாட்டோம், அடி பட்டா மொளைக்காது. எனக்கா இது தெரியாது? அரிசிக்குக் காயிற நெல்லுன்னு நெனச்சுல்ல நான் காயப்போட்டேன். இதுல வெதை கெடக்குன்னு எங்கிட்ட யாரு சொன்னீங்க? எம் பேரு போனாப் போவட்டும். தெரியாதவன்னு எழுதாதீங்கம்மா. சொல்லலன்னு எழுதுங்க."

மறுநாள் பட்டியலில் பெயர் இருக்காது என்று தெரிந்துகொண்டுதான் அவர் இதைப் பேசினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வெளிநாட்டுக்காரர் செய்முறையில் எழுதாமல் விட்டது சரி, அவருக்குக் களம் தெரியாது. எனக்குத் தெரியாதா? விதைநெல்லுக்கு வேறு பாய் விரித்த வீட்டில் பிறந்தவள்தானே நான்? கலவைப் பிரிவுக்கு எத்தனை நூறு முறை போயிருப்பேன். 'நீலம் கடைசியில் போடுங்க' என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்களுக்கு எதற்கு அதெல்லாம் என்று நினைத்திருக்கிறேன். என்னையும் என் அம்மாவையும் பார்த்து எத்தனையோ பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவர் எதிரிலேயே வேறு எழுதினேன். என்சைமின் தன்மையைக் கலவைப் பிரிவுக்கு ஆய்வகம் ஒருபோதும் விளக்கவில்லை, தகட்டுச் சோதனை செய்யாமல் சரக்கு அனுப்ப அனுமதித்தது எஸ்தர், தவறு எஸ்தருடையது. அதை வாசித்துக் காட்டினேன்.

"நாந்தான் காயப்போட்டேன்னும் எழுதுங்க. நடந்தது நடந்தபடி இருக்கட்டும்" என்றார் அமிர்தம். எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

மரியதாஸ் சாரிடம் கொண்டுபோனேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். சோதனை செய்யாமல் கையெழுத்துப் போட்டதை அவர் அப்போதுதான் அறிகிறார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்து என் பெயருக்கு மேலே இருந்த இடைவெளியில் தன் பெயரை எழுதினார்.

"சார், இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

"வரிசைப்படி என் பேருதானே மேல வரணும்" என்று சொல்லிவிட்டுத் தாளை அவரே மேலாளரிடம் எடுத்துப் போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மேலாளர் குரல் மட்டும் வெளியே கேட்டது. சார் வெளியே வந்து, "நாளைக்குக் காலையில பாப்போம்" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்று அவர் முகம் சொன்னது.

போன் செய்த பெண் கேட்ட பதில் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரே டப்பாவில் எப்படி வைத்திருந்தோம்? மற்ற சரக்கை எல்லாம் முதலில் தனியாகக் காய வைத்து ஆற விட்டோம். மழை நாளில் வெயில் ஏறி முற்றம் காயும் வரை நீலக் குருணை மூட்டையைத் திறக்கவில்லை. அதைக் கடைசியில் போட்டு, மண்வெட்டி படாமல், கையுறை போட்ட கையால் அடியிலிருந்து அள்ளி மேலே விட்டுக் கலந்தோம். கட்டி தட்டிய பொடியை நொறுக்காமல் ஒதுக்கினோம். ஒவ்வொரு கலவையிலும் கஞ்சி தடவிய ஒரு தகட்டைக் கலவைப் பிரிவிலேயே அந்தப் பொடியில் கழுவி அயோடின் விட்டுப் பார்த்தோம். இந்த வரிசையை நானும் அமிர்தமும் உட்கார்ந்து எழுதினோம். கலவைப் பிரிவில் யாரும் அதை என்சைம் என்றோ நொதி என்றோ சொல்ல மாட்டார்கள். வெதை என்றுதான் பெயர்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று இரவு நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டை நோக்கி நடந்தேன். ஆட்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். பட்டியல் ஒட்டிய பலகையின் கீழே அமிர்தம் மட்டும் தனியாக நின்றிருந்தார். பெயர் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பட்டியலில் விரல் வைத்துத் தேடினேன். மேலிருந்து ஏழாவது வரியில் அவர் பெயர் இருந்தது.

"இருக்கேம்மா! பேரு இருக்கே! அப்பறம் ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"எம் பேரு இருக்குறத அப்பவே பாத்துட்டேன்" என்றார் அமிர்தம். "ஒங்க பேரு எந்தப் பலகையில ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியல. அதான் நீங்க வர்றீங்களான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."